இலவச விறகு

உங்கள் வீட்டுப் பரணில் பழைய செப்பு பாய்லர் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் ஒரு யோசனை. அதை அங்கேயே விட்டுவிடுங்கள்.

நான் விடவில்லை. முப்பத்தைந்து வருஷம் ஊர் ஊராக வேலை பார்த்துவிட்டு, ரிடையராகி ஸ்ரீரங்கத்துக்கே திரும்பி, அடையவளைஞ்சான் வீதி வீட்டின் கொல்லை அறையைக் காலி பண்ணும்போது பாட்டியின் பாய்லர் அகப்பட்டது. களிம்பேறிப் பச்சையாக இருந்தது. இரண்டு நாள் புளி போட்டுத் தேய்த்ததில் உள்ளே இருந்த செம்பு எட்டிப் பார்த்தது. பித்தளைக் குழாயைத் திருகினேன். திரும்பியது. ஐம்பது வருஷம் கழித்து எந்தக் குழாய் இப்படித் திரும்புகிறது, சொல்லுங்கள்?

கீஸர் தலைமுறைக்கு ஒரு சின்ன விளக்கம். இந்த பாய்லர் ஒரு பெரிய செப்பு டிரம். நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரு குழாய். குழாய்க்குள் தணல், அதைச் சுற்றித் தண்ணீர். மேல் வாய் வழியாகக் கொட்டாங்கச்சி, சுள்ளி, பழைய பேப்பர் என்று போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் வீடு முழுவதற்கும் வெந்நீர் ரெடி.

திருச்சிக்காரர்களுக்கு பாய்லர் புதிதில்லை. திருவெறும்பூர் ‘பெல்’ தொழிற்சாலையிலிருந்து 1960களிலிருந்தே நாட்டின் அனல் மின் நிலையங்களுக்கு பாய்லர் போய்க்கொண்டிருக்கிறது. தத்துவம் ஒன்றுதான். ஒரு பக்கம் நெருப்பு, மறுபக்கம் தண்ணீர், நடுவில் உலோகம். ஆனால் அந்த பாய்லருக்கு நிலக்கரி வேகன் வேகனாக வந்து இறங்கும். என் பாய்லருக்கு?

“காசு கொடுத்து விறகு வாங்கி வெந்நீர் போடறதுக்கு கீஸரே தேவலை” என்றாள் மனைவி. நியாயம்தான். ஆகவே விறகு இலவசமாகக் கிடைத்தே தீர வேண்டும் என்பது கௌரவப் பிரச்னையாகிவிட்டது.

பாட்டி காலத்தில் இது பிரச்னையாக இருந்ததாக ஞாபகமில்லை. கொல்லையில் இரண்டு தென்னை. மட்டை, பாளை, பன்னாடை, கொட்டாங்கச்சி எல்லாம் பாய்லருக்கு. விழுந்ததை விழுந்த இடத்தில் விடமாட்டாள். ராத்திரி காற்றடித்தால் விடியற்காலையில் டார்ச்சுடன் முதல் ஆளாகக் கொல்லையில் நிற்பாள், பக்கத்து வீட்டு மட்டை நம் பக்கம் விழுந்திருக்கிறதா என்று பார்க்க. அடுப்பில் மிஞ்சிய கரி குமுட்டிக்கு. சாம்பல் பாத்திரம் தேய்க்க. எதுவும் வீணில்லை.

சமையலுக்கு மட்டும் விறகு வாங்க வேண்டும். விறகுக் கடையில் சங்கிலி போட்ட பெரிய தராசு தொங்கும். புளிக்கட்டை, கருவேலங்கட்டை, சவுக்கு. கடைக்காரர் மீது பாட்டிக்கு நம்பிக்கை கிடையாது. தண்ணீர் தெளித்து எடையைக் கூட்டுகிறார் என்று சந்தேகம். அதனால் கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கமிருந்து தலைச்சுமையாகக் கொண்டுவரும் ஒரு பெண்ணிடம்தான் வாங்குவாள். அந்தப் பேரம் எனக்கு இன்னமும் மனப்பாடம்.

“என்னடிம்மா, ஈரமா இருக்கே?”

“நல்லா காஞ்சதுங்கம்மா. பத்தணா குடுங்க.”

“எட்டணா. இஷ்டம்னா இறக்கு.”

அந்தப் பெண் இறக்குவாள். கொள்ளிடம் தாண்டிச் சுமந்து வந்ததை மறுபடி தூக்கிக்கொண்டு திரும்பிப் போகவா முடியும்? பாட்டிக்கு அது தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அந்தப் பெண்ணுக்கும் தெரியும்.

ஆறு கொடுக்கும் விறகும் உண்டு. ஸ்ரீரங்கம் ஒரு தீவு, மறந்துவிடாதீர்கள். முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிந்து தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். மேட்டூர் நிரம்பி மிச்சத் தண்ணீர் வந்தால் அதில் பெரும்பகுதியைக் கொள்ளிடத்தில்தான் தள்ளிவிடுவார்கள். செந்நிறமாக, சுழித்துக்கொண்டு, மரக்கிளைகளை அள்ளிக்கொண்டு வரும். இளவட்டங்கள் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு குதித்து, பெரிய கட்டைகளை இழுத்து வருவார்கள். ஒரு மாதச் சமையல் ஒரு மரத்தில் இருக்கும். கரையில் நின்று பார்க்கும் எங்களுக்கு அது சர்க்கஸ். அவர்கள் வீட்டுப் பெண்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போது தோன்றவில்லை. கொள்ளிடம் சாது இல்லை. 2018 ஆகஸ்ட் 22-ம் தேதி முக்கொம்பில் ஒன்பது ஷட்டர்களையே பிய்த்துக்கொண்டு போனது. அதே வெள்ளத்தில் 1928-ல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தின் ஒரு பகுதியும் ஆற்றுக்குள் இறங்கியது. அப்படிப்பட்ட ஆற்றில் கட்டைக்காகக் குதிப்பது இலவசம் என்ற கணக்கில் வராது.

சரி, இப்போது எங்கே தேடுவது? நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பினேன்.

முதலில் ஒரு விறகுக் கடை, விலை விசாரிக்க மட்டும். அங்கே பெரும்பாலும் சீமைக் கருவேலம். இதைக் காமராஜர் காலத்தில் ஹெலிகாப்டரிலிருந்து விதைத்தார்கள் என்று திண்ணையில் ஒரு கதை சொல்வார்கள். மரம் அதைவிடப் பழசு. அன்றைய ரயில் எஞ்சின்கள் விறகையும் தின்றன, ஊர்களிலும் விறகுப் பஞ்சம். மதராஸ் ராஜதானியின் வன அதிகாரி பெட்டோம் என்ற வெள்ளைக்காரர் 1876-ல் விதை கேட்டு எழுதினார். 1877-ல் ஜமைக்காவிலிருந்து வந்த விதை கடப்பை மாவட்டம் கமலாபுரத்தில் ஊன்றப்பட்டது. விறகுக்காகவே அழைத்து வந்த விருந்தாளி. வந்தவர் கண்மாய், தரிசு, வாய்க்கால் எல்லாவற்றையும் வளைத்துப்போட்டு, 2017-ல் ஹைகோர்ட்டு மதுரைக் கிளை அகற்றச் சொல்லி உத்தரவு போடும் அளவுக்குப் போய்விட்டார். ஆனால் எரிவதில் குறை சொல்ல முடியாது. தணல் நின்று கனியும். காசுதான் கேட்கிறார்கள்.

அடுத்து மர அறுவைப் பட்டறை. செதில், மரத்தூள் சும்மா கிடைக்குமா என்று கேட்டேன். “அதுக்கு மாசாமாசம் ஆள் வர்றாங்க சார், மூட்டைக்கு ரேட்டு இருக்கு” என்றார்கள். பிறகு மெஷின்கள் வந்திறங்கும் பாக்கிங் பெட்டிகளும் பலகைகளும். இதில் ஒரு எச்சரிக்கை, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றுமதிப் பலகைகளில் சின்னதாக முத்திரை குத்தியிருப்பார்கள். ‘எச்.டி.’ என்றிருந்தால் சூடாக்கிப் பூச்சி நீக்கியது, எரிக்கலாம். ‘எம்.பி.’ என்றிருந்தால் மீத்தைல் புரோமைடு என்கிற விஷவாயு காட்டியது, தொடாதீர்கள். பெயின்ட் அடித்த ஜன்னல், பிளைவுட், பழைய ரயில்வே ஸ்லீப்பர் கட்டை மூன்றும் கூடவே கூடாது. ஸ்லீப்பர் கட்டையில் ஊறியிருக்கும் தார் எண்ணெயின் புகை நுரையீரலுக்கு ஆகாது. எங்கள் வீட்டிலேயே ஒருமுறை யாரோ கொடுத்தார்கள் என்று ஒரு துண்டு ஸ்லீப்பர் போட்டு வெந்நீர் வைத்து, மூன்று நாள் வீடு பூரா தார் ரோடு மாதிரி மணத்தது.

நாலாவது நாள் அதிர்ஷ்டம் அடித்தது. மழைக்கு முன்னால் மின்கம்பிகளில் உரசும் கிளைகளை வெட்டுவார்கள் இல்லையா? இரண்டு தெரு தள்ளி ஒரு பெரிய பூவரசின் பாதியைக் கழித்து ரோட்டோரம் போட்டிருந்தார்கள். சும்மா. கேட்பாரில்லை. உடனே ஒரு குட்டியானை பிடித்தேன். வாடகை நானூறு. வெட்டிப் போட ஒரு ஆள், அறுநூறு. கொல்லையில் குவிந்த விறகைப் பார்த்து மார்பு விம்மியது.

“இலவசமா?” என்றாள் மனைவி.

“விறகு இலவசம்” என்றேன். ஆயிரம் ரூபாயைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

மறுநாள் காலை பாய்லரை ஏற்றினேன். எரிந்தது என்று சொல்ல முடியாது. அழுதது. கட்டையின் முனையில் நுரை கொப்பளித்து, சீறி, வெள்ளையாகப் புகை. முக்கால் மணி ஊதினேன். கைவிட்டுப் பார்த்தால் தண்ணீர் வெதுவெதுப்புக்கூட இல்லை. பக்கத்து வீட்டில் மாடியில் காய்ந்த துணிகளை அவசரமாக எடுத்தார்கள். எதிர் வீட்டுக்காரர் வந்து, “ஏதாவது ஹோமமா?” என்று மரியாதையாக விசாரித்தார்.

ஏன் இப்படி? பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். அப்போது வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். ஒரு கிராம் கொதிநீரை ஆவியாக்க 540 கலோரி வேண்டும். அதாவது என் விறகு முதலில் தனக்குள் இருக்கும் தண்ணீரைக் கொதிக்க வைக்கிறது. மிச்சம் மீதி இருந்தால்தான் எனக்கு. அந்தக் குறைந்த சூட்டில் மரத்திலிருந்து கிளம்பும் வாயுக்கள் எரியாமலே வெளியேறும். அதுதான் புகை. புகை என்பது வேறொன்றுமில்லை, எரிய வேண்டியது எரியாமல் உங்கள் கண்ணுக்குள் போவது.

அன்று சாயங்காலம் கொல்லைக் கதவைத் தட்டும் சத்தம். நாற்பத்தைந்து வயது இருக்கும், ஒரு அம்மா நின்றிருந்தார்.

“சார், ஈபிகாரங்க வெட்டிப்போட்ட கிளைய நீங்களா எடுத்தாந்தீங்க?”

“ஆமாம்மா. ரோட்டுல கிடந்தது.”

“கிடக்கல சார். நான்தான் ஓரமா இழுத்துப் போட்டிருந்தேன். வேலைக்குப் போயிட்டு வந்து எடுத்துக்கலாம்னு.”

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் சங்கடம். தொலைந்த சாமானைப் பற்றித் தகவல் விசாரிக்கிற குரல். காலையில் நாலு வீட்டில் வேலை, சாயங்காலம் வாசலில் இட்லிக் கடை. அந்தக் கிளைகள் அவருக்கு ஒரு மாதத்துக்கு மேல் வந்திருக்கும். நான் வெந்நீர் விளையாட்டுக்காக அள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்.

“வீட்ல காஸ் இல்லையாம்மா?” என்று கேட்டேன். இந்த மாதிரிக் கேள்விகளைக் கேட்பதற்கென்றே நம்மைப் போன்றவர்கள் பிறந்திருக்கிறோம்.

“இருக்கு சார். பேருக்கு இருக்கு. அவசரத்துக்கு டீ வைப்பேன், பேரப்புள்ளைக்குப் பால் காய்ச்சுவேன். இட்லிய காஸ்ல அவிச்சா எனக்கு என்ன சார் நிக்கும்?”

அப்புறம் என் குவியலைப் பார்த்தார். கரிந்து பாதியில் நின்ற கட்டைகளையும் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, “இதை இப்பவே எரிச்சீங்களா? பச்ச மரம் சார். பொளந்து போடணும். முழுசா கெடந்தா உள்ளார காயாது. மழைக்குள்ள காய வைக்கலேன்னா பூசணம் பூத்துரும்” என்றார்.

“நீங்க எங்கே காய வைப்பீங்க?”

“எங்க சார் இடம்? அப்படியேதான் வைக்கிறது. வாசல்ல அடுக்கினா காலையில இருக்காது.”

ஆக, அந்த வீட்டில் தினமும் என் பாய்லர் கதைதான். நான் ஒருநாள் முக்கால் மணி அழுதேன். அவர் வருஷம் முழுக்க அழுதுகொண்டு இட்லி அவிக்கிறார்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. கணக்குப் போட்டேன். வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ வாயு. கிலோவுக்குச் சுமார் 11,000 கிலோ கலோரி. காஸ் அடுப்பு அதில் அறுபது சதவீதத்தைப் பாத்திரத்தில் சேர்க்கும் என்று வையுங்கள். காய்ந்த விறகு கிலோவுக்குச் சுமார் 3,500. ஆனால் மூன்று கல் அடுப்பு பாத்திரத்தில் சேர்ப்பது பத்துப் பன்னிரண்டு சதவீதம்தான், மிச்சம் காற்றுக்கு. வகுத்துப் பார்த்தால் ஒரு சிலிண்டர் செய்யும் வேலையைச் செய்ய இருநூறு கிலோவுக்கு மேல் விறகு வேண்டும். தலைச்சுமைக்கு இருபது கிலோ என்றால் பத்துச் சுமைக்கு மேல். பொறுக்க, கட்ட, தூக்க, வெட்ட. இந்த வேலைக்கு யாரும் சம்பளம் போடுவதில்லை. சம்பளம் போடாததால்தான் அதற்கு இலவசம் என்று பெயர்.

அரசாங்கங்கள் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 1980களில் புகையில்லா அடுப்பு கொடுத்தார்கள். தமிழ்நாட்டில் 2007-ல் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச காஸ் அடுப்பும் இணைப்பும் கொடுக்க ஆரம்பித்தார்கள். 2016 மே 1-ம் தேதி மத்திய அரசு உஜ்வலா திட்டம் தொடங்கியது. கோடிக்கணக்கில் இணைப்புகள் போய்ச் சேர்ந்தன. ஆனால் 2019-ல் வந்த தணிக்கை அறிக்கையைப் பாருங்கள். உஜ்வலா வீடுகள் வருஷத்துக்குச் சராசரியாக வாங்கிய சிலிண்டர் மூன்றைச் சொச்சம். மற்ற நாட்களில் எதை எரித்தார்கள்? பூவரசு, வேம்பு, சீமைக் கருவேலம், தென்னமட்டை. அடுப்பு இலவசமாக வந்தது. தினம் தினம் அதற்குத் தீனி போடுவது அவரவர் பாடு.

புகையைப் பற்றி இன்னும் ஒன்று. கிர்க் ஸ்மித் என்று ஒரு அமெரிக்கப் பேராசிரியர் இருந்தார். 1980களின் ஆரம்பத்தில் குஜராத் கிராமங்களில் சமைக்கும் பெண்கள் சுவாசிக்கும் காற்றை அளந்தவர். வீட்டுக்குள் விறகடுப்பு எரிவது ஒரு மணிக்கு நானூறு சிகரெட்டைக் கொளுத்துவதற்குச் சமம் என்று சொல்வார். சென்னை ராமச்சந்திராவில் டாக்டர் கல்பனா பாலகிருஷ்ணனும் குழுவினரும் நம்மூர்க் கிராமத்து அடுக்களைகளில் அளந்திருக்கிறார்கள். வீட்டுப் புகையால் 2020-ல் மட்டும் உலகத்தில் 32 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நுரையீரல், இதயம், மூளை, குழந்தைகளுக்கு நிமோனியா. கண்புரைக்கும் இதில் பங்குண்டு.

இதைப் படித்ததும் பாட்டி ஞாபகம் வந்தது. அறுபது வயதில் இரண்டு கண்ணிலும் புரை. கடைசிப் பத்து வருஷம் ஓயாத இருமல். “வயசாச்சு, அப்படித்தான்” என்று எல்லோரும் சொன்னோம். பாட்டி ஜன்மத்தில் ஒரு பீடி பிடித்ததில்லை. ஆனால் மடியாகக் குளித்துவிட்டு, ஐம்பது வருஷம் தினம் நாலு மணி நேரம் அந்த அடுக்களையில் ஊதாங்குழலோடு உட்கார்ந்திருந்தாள். கொல்லையில் பொறுக்கிய மட்டை இலவசம் என்று ஆயுசு பூராவும் பெருமைப்பட்டவள் அவள். பில் கடைசியில் வந்தது. பத்தணா விறகை எட்டணாவுக்கு வாங்கிய பாட்டியும், இரண்டணா விட்டுக்கொடுத்த அந்தப் பெண்ணும், ஒரே கணக்கில் வேறு வேறு பக்கத்தில் நஷ்டப்பட்டவர்கள் என்று இப்போது தோன்றுகிறது.

மறுநாள் அந்த அம்மா வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். விறகு அவருடையது. ஆனால் என் கொல்லையிலேயே இருக்கட்டும். காய வைக்க எனக்கு இடம் இருக்கிறது, அவருக்கு இல்லை. “சும்மா சொல்றீங்களா சார்?” என்று இரண்டு முறை கேட்டார்.

கொல்லைச் சுவரை ஒட்டிப் பழைய தகரத்தைக் கூரையாகப் போட்டோம். பக்கவாட்டில் காற்று புக வேண்டும், அதனால் மூடவில்லை. தரை ஈரம் ஏறாமல் கீழே நாலு செங்கல். எப்படி அடுக்குவது என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தார். பட்டை மேலே பார்த்தபடி, ஒரு வரிசை நெடுக்காக, அடுத்த வரிசை குறுக்காக. காய்ந்ததா என்று பார்க்க இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்ட வேண்டும். ‘தொப்’ என்றால் இன்னும் ஈரம். ‘டங்’ என்றால் எடுத்துக்கொள்ளலாம். முனையில் வெடிப்பு விட்டிருக்கும், பட்டை தானாகக் கழன்று வரும், கையில் தூக்கினால் லேசாக இருக்கும். அவர் பள்ளிக்கூடத்தில் 540 கலோரி படிக்கவில்லை. கட்டையைத் தட்டிப் பார்த்தே சொல்லிவிடுகிறார்.

பொங்கலுக்கு அப்புறம் ஒருநாள் சொன்னார்: “இப்ப பாதி விறகுதான் சார் ஆவுது. கண்ணும் எரியல.” ‘எரியல’ என்றால் குறைந்திருக்கிறது என்று அர்த்தம். காய்ந்த விறகும் புகைதான், கொஞ்சம் கம்மி. அவருக்கு உண்மையில் வேண்டியது இட்லி வியாபாரத்துக்குக் கட்டுப்படியாகும் விலையில் காஸ். அதை என் தகரக் கூரை கொடுக்க முடியாது. அதுவரைக்கும் இது.

பாய்லர்? தீபாவளியன்று மட்டும் ஏற்றினோம், சேர்த்து வைத்திருந்த கொட்டாங்கச்சியில். புகையே இல்லாமல் ஜம்மென்று கொதித்தது. மற்ற நாளெல்லாம் கீஸர்தான். மனைவி ஜெயித்ததை அவள் ஒருமுறைகூடச் சொல்லிக்காட்டவில்லை. அதனால்தான் இங்கே நானே எழுதிவிடுகிறேன்.

போன வாரம் காலை ஆறு மணிக்கு போன்.

“சார், அம்மா மண்டபம் ரோட்டுல கிளை வெட்டறாங்க. பெரிய வேம்பு. குட்டியானை கூட்டிட்டு வர்றீங்களா?”

நானூறு ரூபாயை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.